மலைந்தார் இருவர்

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் ஒரு பெட்டிக்கடைத் திண்ணையில் மழை விடட்டும் என்று ஒதுங்கியிருந்தபோது, பள்ளிச் சீருடையில் இருந்த பையன் ஒருவன் தன் தமிழ்ப் பயிற்சி ஏட்டை என் பக்கம் நீட்டினான். ‘போர்’ என்பதற்கு வேறு பெயர்கள் எழுதுக என்று ஒரு வினா. அமர், சமர், செரு, யுத்தம், சண்டை என ஐந்தையும் அழகாக எழுதியிருந்தான். அடுத்த பக்கத்தில் வல்வில் ஓரியைப் பற்றிய ஒரு வாக்கியத்தைச் சிவப்பு மை சுழித்திருந்தது. “எல்லாம் ஒண்ணுதானுங்களே ஐயா? அப்புறம் ஓரி சண்டை போட்டார்னு எழுதுனா ஏன் சுழிக்கிறாங்க?” என்றான்.

சுழித்தது சரிதான், அவன் கேட்டதும் சரிதான். நிகண்டுகள் போருக்குரிய பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடும். ஒரு பொருளுக்கு இத்தனை சொல் எதற்கு என்று கேட்டுக்கொண்டே மலையிறங்கிய எனக்கு, அந்தப் பையனின் ஊரே விடையை வைத்திருப்பது அன்றிரவு ஏடுகளைப் புரட்டியபோதுதான் புலப்பட்டது. சொல்லில் சுவை காண்பவர் நீங்களும் என்பதால் உங்களோடு சேர்ந்து அதை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி ஒன்றுதான். கொல்லி மலைக்குத் தலைவன் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே கணையால் வீழ்த்திய வேட்டுவனாக வன்பரணர் புறநானூற்றில் அவனைக் காட்டுகிறார். பெண்ணையாற்றுப் பக்கத்து முள்ளூர் மலைக்குத் தலைவன் மலையமான் திருமுடிக்காரி. காரி ஓரியைக் கொன்றான். வென்ற கொல்லியைத் தான் வைத்துக்கொள்ளாமல் சேரர்க்குக் கொடுத்தான். இதை அகநானூற்றில் கல்லாடனார் சொல்லும்போது ‘கொன்று’ என்றே சொல்கிறார். நற்றிணையில் கபிலருக்கு அந்தக் கொலையைவிட அதன்பின் எழுந்த ஒலியே கேட்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரோ இரண்டையும் விட்டுவிட்டு வேறொரு வினையை எடுக்கிறார். ஓரி, காரியோடு ‘மலைந்தவன்’.

மலைதல்! மலைமேல் நின்று கேட்க இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? மலையின் தலைவன் ஒருவன், பெயரிலேயே மலையை வைத்திருக்கும் மலையமான் ஒருவன், இருவரும் மலைந்தார்கள், இன்று அந்த மலையில் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். ஆனால் ஒலி ஒத்ததும் வேர் ஒன்றென்று துள்ளிவிடக் கூடாது. குன்றைக் குறிக்கும் மலை பெயர்ச்சொல். பொருதலைக் குறிக்கும் மலை வினையடி. வலிமை என்னும் பொருளுடைய ‘மல்’ என்பதில் இரண்டையும் கொண்டுபோய்க் கட்டுவோர் உண்டு. மல்லனும் மற்போரும் அங்கே துணைக்கு வருவதால் அந்த எண்ணத்தை எளிதில் தள்ளவும் முடிவதில்லை. நான் அறுதியிடாமல், வினையின் பின்னால் மட்டும் போகிறேன்.

மலைந்தான் என்றால் எதிர்நின்று பொருதான். மலைந்தான் என்றால் பூச்சூடினான் என்பதும் பழம்பொருள். இந்த இரண்டும் சேரும் இடம் தும்பை. இரு வேந்தர் ஒருவர் வலிமையை ஒருவர் அளக்க ஒருகளத்தில் எதிர்ப்படுவதைத் தும்பை என்கிறது புறத்திணை. அதற்குரிய அடையாளம் தும்பைப் பூ. தும்பை மலைந்தான் என்று சொன்னால் பூவைச் சூடியதும் பகைவனை எதிர்ந்ததும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆநிரை கவர வெட்சி, நாட்டின்மேல் படையெடுத்துச் செல்ல வஞ்சி, அரண் முற்றுகைக்கு உழிஞை, வெற்றிக்கு வாகை என்று, சண்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடியும் செடியுமாகப் பெயர் வைத்த மரபில், சூடுவதும் பொருவதும் ஒரே வினையாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த வினை இன்று எங்கே போயிற்று? களத்திலிருந்து இறங்கி நம் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. மலைத்தேன், மலைத்துப் போனேன், மலைப்பாக இருக்கிறது என்கிறோம். மலைதல் மெலிந்து ஒலிக்க, மலைத்தல் வலித்து ஒலிக்கிறது; எதிரில் நிற்பதன் பெருமையைக் கண்டு, மேற்செல்ல இயலாமல் அறிவு ஒரு கணம் தட்டுண்டு நிற்பதே மலைப்பு. காரவள்ளியில் நின்று செம்மேடு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அண்ணாந்து பார்க்கிறவன் மலைக்கிறான். எதிர்நிற்றல் என்ற பழைய உயிர் அங்கே இன்னும் இருக்கிறது. வேலும் வில்லும் மட்டும் கழன்றுவிட்டன. ஆங்கிலத்தின் ‘வார்’ என்னும் சொல்லைப் பின்னோக்கித் துருவிய அறிஞர்கள், அது குழப்பம், கலக்கம் என்ற பொருளுடைய பழைய செருமானியச் சொல் ஒன்றில் முடிவதாகச் சொல்கிறார்கள். அங்கே கலக்கத்திலிருந்து போர் பிறந்தது. இங்கே போரின் சொல்லிலிருந்து கலக்கம் பிறந்தது.

இனி, பையனின் ஏட்டு வினாவில் இருந்த தலைச்சொல்லுக்கு வருவோம். பொரு என்னும் அடியிலிருந்து போர். பொருதல், பொருநன், பொருநர், போராட்டம், போராளி என்று பெரிய குடும்பம் அது. அதன் அண்டைவீட்டில் பொருந்துதல், பொருத்துதல், பொருத்தம் ஆகியவை குடியிருக்கின்றன. திருமணப் பொருத்தம் பார்க்கும் வாயும் போர் முரசறைந்த வாயும் ஒரே ஒலியை ஒலிப்பது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால்தான் பொருந்தவும் முடியும், பொரவும் முடியும். இதற்குத் தொல்காப்பியமே சான்று தருகிறது. உவமையியலில் உவம உருபுகளைக் கணக்கிடும்போது ‘பொருவ’ என்பதை அதில் வைக்கிறார் ஆசிரியர். ‘உறழ’ என்பதையும் வைக்கிறார். ‘வெல்ல’ என்பதையும் வைக்கிறார். மூன்றும் போர்க்களத்து வினைகள். நிலவைப் பொருவும் முகம் என்றால் நிலவோடு முகம் போரிடுகிறது, அதாவது நிலவுக்கு முகம் நிகர். நிகர் இல்லாதவனோடு யாரும் பொரமாட்டார்கள். பொருநன் என்ற சொல்லுக்கு வீரன் என்றும், ஒப்பானவன் என்றும் இரு பொருள் அமைந்தது அதனால்தான். தமிழ்ப் போர்ச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பகை, வெறுப்பு, குருதி எதுவும் வேரில் இல்லை. இருவர் சமமாக எதிர்ப்படுவது மட்டுமே இருக்கிறது.

‘போர்’ அறுவடைக்குள்ளும் நுழைகிறது. அரிந்த கதிரைக் குவித்தால் போர். வைக்கோலை அடுக்கினாலும் போர். அதைக் களத்தில் போட்டு மாடு விட்டு மிதிக்க வைப்பது போரடித்தல். நெல்லுக்கும் களம், வேலுக்கும் களம். கொல்லியில் சாமையும் கேழ்வரகும் விளைந்து வந்து விழும் தரையும் களம்தான். பொருநராற்றுப்படையின் உரையில் நச்சினார்க்கினியர் பொருநரை வகைப்படுத்தும்போது ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று மூன்றாகப் பிரிக்கிறார். உழவனின் களத்துக்கும் வேந்தனின் களத்துக்கும் பாடகர் ஒரே பெயரோடு போய் நின்றார்கள். இன்றைய இளைஞர் ‘போரடிக்கிறது’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த வேறொரு வரவு. நெற்களத்தோடு அதற்கு உறவில்லை.

அமர் இன்னும் நுட்பமானது. அமர்தல் என்றால் விரும்புதல் என்று உரியியலில் தொல்காப்பியர் பொருள் சொல்கிறார். அமர்தல் தங்குதலும் ஆகும். இன்று நாற்காலியில் அமர்கிறோம். அதே ‘அமர்’ போருமாகிறது. ‘அமர்த்த கண்’ என்றால் ஒன்றோடொன்று மாறுபட்டுப் பொருவது போன்ற கண்கள். விருப்பம், இருக்கை, போர் என்ற மூன்றையும் கட்டும் நூல் எது? ஒன்றை நோக்கிச் சென்று அதோடு ஒட்டி நிற்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே சீன எழுத்தொன்று நினைவுக்கு வருகிறது. படைத்திறத்தைக் குறிக்கும் ‘வூ’ என்னும் எழுத்தை ‘நில்’ என்றும் ‘ஈட்டி’ என்றும் பிரித்து, ஈட்டியை நிறுத்துவதே படைத்திறம் என்று சூ நாட்டு மன்னன் சுவாங் பொ.மு. 597இல் ஒரு வெற்றிக்குப் பின் விளக்கியதாக அவர்களின் பழம் வரலாற்று நூல் சொல்கிறது. அந்த ‘நில்’ முதலில் காலடியைக் குறித்தது, எனவே அது ஈட்டி ஏந்தி நடப்பதே என்று பின்னாள் எழுத்தாய்வாளர் திருத்தினார்கள். மன்னனின் பிரிப்பு பிழையாக இருக்கலாம். ஆயினும் ஒரு சொல்லை அவ்வளவு ஆசையோடு பிளந்து பார்த்த மன்னனை நம்மவன் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சமர் என்பதை அமரின் தலையில் சகரம் ஏறிய வடிவம் என்று சொல்லி மகிழ்வோர் உண்டு. நான் அதில் சேரமாட்டேன். ‘சமரம்’ என்னும் வடசொல் வெளிப்படையாக நிற்கிறது; கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கு ஏதும் இல்லை. அந்த வடசொல்லுக்கும் அடியில் ஒன்றுகூடுதல் என்ற பொருளே இருக்கிறது என்பது கூடுதல் இன்பம். வாங்கிய சொல்லை ஈழத் தமிழர் எவ்வளவு கூர்மையாகத் தீட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் 1757இல் ஒரு நாளில் முடிந்த பிளாசியும் போர், 1760இன் வந்தவாசியும் போர், ஆண்டுக்கணக்கில் நீண்ட உலகப் போரும் போர். ஆங்கிலம் பயிலும் நம் மாணவனை ‘வார்’, ‘பேட்டில்’ என்ற இரண்டும் தடுமாற வைப்பது இந்த இடத்தில்தான்: முன்னது நெடும் பகை, பின்னது அதனுள் நிகழும் ஒரு மோதல். ஈழ வழக்கு, நெடியதைப் போர் என்றும், அதனுள் ஓரிடத்தில் ஒருமுறை நிகழ்வதைச் சமர் என்றும் பெரும்பாலும் பிரித்து வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆண்டுதோறும் ஆடும் துடுப்பாட்டத்துக்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர். ஒரு திடலில், குறித்த நாளில், இரு நிகர் அணிகள். சொல் தன் இடத்தில் எவ்வளவு கச்சிதமாக அமர்ந்திருக்கிறது பாருங்கள்.

செரு, ஞாட்பு இரண்டும் இன்று ஏட்டில் மட்டும் வாழ்கின்றன. ஞகரத்தில் தொடங்கும் சொற்கள் பலவற்றைத் தமிழ் வாய் கைவிட்டபோது ஞாட்பும் போயிற்று. செரு, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்ற நெடும் பட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது; செருகுதலின் நெருக்கம் அதன் ஒலியிலும் கேட்கிறது. அந்த ஆலங்கானத்தில் செழியன் எழுவரை எதிர்கொண்டதைச் சொல்லும் புலவர்கள் ‘கடந்த’ என்பார்கள். கடத்தல் என்றால் வஞ்சியாமல் எதிர்நின்று வெல்லுதல் என்று உரைகாரர் பொருள் எழுதுவர். இன்று கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் பொன்னும் சந்தனக் கட்டையும் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும்தான் மனத்தில் வருகின்றன. கடந்தான் வேறு, கடத்தினான் வேறு. தன்வினையின் வீரமும் பிறவினையின் களவும் தொழிற்பெயரில் வந்து ஒன்றாகிவிட்டதால் நேர்ந்த விபத்து இது. நல்ல சொல் ஒன்று இப்படிக் கெட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சிறிய மோதல்களுக்கும் துல்லியமான பெயர் இருந்தது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகல்லில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. ஆவைக் கொள்ளுதல், மாடு பிடிக்கும் பூசல். தொல்காப்பியம் வெட்சித் திணைக்குள் வைத்திருக்கும் அதே கலைச்சொல், ஏட்டறிவு தேடிப் போகாத ஓர் ஊரின் கல்லில், இறந்த வீரனின் பெயரோடு. செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற முறையில் எழுதுவார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் வீழ்ந்தான். போர் என்றோ சமர் என்றோ அங்கே யாரும் பெருக்கிச் சொல்லவில்லை. கோட்டை என்றால் அதற்கு ‘எறிதல்’. கொல்லியைப் பெற்ற சேரர் குடியின் பெருஞ்சேரல் இரும்பொறைக்குத் ‘தகடூர் எறிந்த’ என்பது பட்டம். அளவும் இலக்கும் மாறும்போது வினையும் மாறிற்று.

இப்போது கபிலரின் நற்றிணைப் பாட்டுக்குத் திரும்பலாம். ஓரியைக் கொன்ற பின் காரி அவன் ஊரின் பெருந்தெருவில் நுழைகிறான். ஊரே ஒருமித்துக் கல்லென்று இரைகிறது. பரத்தை ஒருத்தி தெருவில் போனபோது ஊர் இரைந்ததற்கு இதை உவமையாக்குகிறார் கபிலர். தோற்ற ஊரின் செவியில் போர் என்பது ஒலிதான். பூசல் என்ற சொல் இந்த ஒலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழையபடி பூசல் என்றால் ஆரவாரம், பலர் கூடி எழுப்பும் கூக்குரல், இழவுக் கதறல்கூட, அதிலிருந்து போரானது. இன்று ‘உட்கட்சிப் பூசல்’, ‘எல்லைப் பூசல்’ என்று செய்தித்தாள் எழுதும்போது குருதி குறைவு, இரைச்சல் மிகுதி என்பதை நாமாகவே உணர்கிறோம். சொல் தன் பிறப்பை மறக்கவில்லை.

சண்டை? கடுமை, சினம் என்ற பொருளுடைய ‘சண்டம்’ என்னும் வடசொல்லோடு அதை இணைப்பர். வந்த வழி எதுவாயினும், வந்தபின் அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. குழாயடிச் சண்டை, சேவற்சண்டை, அண்ணன் தம்பி சண்டை. திரைப்படத்தில் இருவர் மோதினால் சண்டைக் காட்சி, படைகள் மோதினால் போர்க் காட்சி. இந்தச் சொற்களின் குணத்தை அறிய எளிய வழி, அவற்றோடு யார் துணைக்கு நிற்கிறார்கள் என்று பார்ப்பது. சண்டையைப் போடுகிறோம், கோலம் போடுவதுபோல், சட்டை போடுவதுபோல், அன்றாடக் கை அது. ஈழத்தார் சண்டை பிடிப்பார்கள். போரையோ போட முடியாது. போர் ‘மூள்கிறது’, நெருப்பு மூள்வதுபோல். போரைத் ‘தொடுக்கிறார்கள்’, அம்பைத் தொடுப்பதுபோல். பூசல் எழுகிறது, ஒலி எழுவதுபோல். கலகத்தை மூட்டுகிறார்கள், அது ஒருநாள் வெடிக்கிறது. பையனின் ஏட்டில் சிவப்பு மை பட்டது ‘சண்டை’மேல் என்று அவன் எண்ணினான், உண்மையில் அது ‘போட்டார்’ என்பதன் மேலும் பட்டிருக்கிறது. வல்வில் ஓரியைக் குழாயடிக்கு இழுத்துவந்தது அந்த வினைதான்.

கலகமும் வடமொழி வழிவந்ததே. அது ஆட்சியில் இருப்பவன் வாயில் பிறக்கும் பெயர். 1806 சூலையில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்ததை நெடுங்காலம் சிப்பாய்க் கலகம் என்றே படித்தோம். இப்போது வேலூர்ப் புரட்சி என்கிறோம். புரள் என்பதிலிருந்து புரட்சி. கீழது மேலாகப் புரளல். கோட்டையும் ஆண்டும் இறந்தவர்களும் மாறவில்லை. பெயர் சொல்லும் வாய் மாறிற்று. ஓரி காரியோடு மோதியதைப் பாடிய மூவரிடமும் மூன்று வினைகள் இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் அந்தப் பையன் பொறுக்கமாட்டான். அகராதியில் ணகரத்தோடு ‘குண்டணி’ என்றொரு சொல் உண்டு. கோள் சொல்லி இருவரை முட்டவிடுதல் என்று பொருள். போர்ச்சொல் தேடும் கட்டுரைக்கு வாயில் விழுந்த கனிபோல் தோன்றும். எடுக்கக் கூடாது. னகரத்தோடு நிற்கும் ஊர்ப்பெயரில் எனக்குக் கேட்பது ‘குண்டு’ என்ற பழஞ்சொல்லின் ஒலி. ஆழம் என்று பொருள், குண்டும் குழியுமாய் என்று நாம் சொல்லும்போது வரும் அதே குண்டு, சங்கப் புலவர்கள் ஆழ்ந்த அகழிக்கும் கழிக்கும் வைத்த அதே அடை. மலைமேல் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் ஊருக்கு அது வெகு இயல்பு. குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று கொல்லியின் பதினான்கு ஊராட்சிகளும் நாடுகளே. சோழர் கல்வெட்டுகளில் சில ஊர்களின் தொகுதியாக இருந்த ‘நாடு’, சமவெளியில் பெருத்துத் தேசமாகிவிட, மலைமேல் மட்டும் தன் பழைய அளவிலேயே இருக்கிறது. கொல்லி என்ற பெயரைக் கொல்லும் மலை என்று பிரித்து, சிரித்தே கொல்லும் பாவையின் கதையைச் சொல்வார்கள். கொல்லிப் பண்ணில் தேவாரம் கேட்டவர்க்கு அந்தப் பிரிப்பை ஏற்க மனம் வராது. ஐயப்பொருளில் வரும் இடைச்சொல்லும் ‘கொல்’ தானே. இந்த இடத்துக்கு அதுவே போதும்.

நத்தத்தனார் ஏழு வள்ளல்களை வரிசைப்படுத்துகிறார். மூன்றாம் இடத்தில் காரி, ஏழாம் இடத்தில் ஓரி. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பட்டியலில், கொடையில் நிகராக. கொன்றான் என்று எழுதியிருந்தால் ஒருவன் உயர்ந்து ஒருவன் வீழ்ந்திருப்பான். ஓரியைப் பாடும் இடத்தில் அவர் வெற்றியும் சொல்லவில்லை, சாவும் சொல்லவில்லை. காரியின் குதிரைக்கும் காரி என்று பெயர், அது கருநிறம். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்று பெயர், அது பிடரிமயிர். இரு குதிரைகளையும் இரு பெயர்களையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் அந்த ஒரு வினையை மட்டும் வைக்கிறார் புலவர். மலைந்த.